சொல்லாமல் போகிறவர்

அவருடைய பெயரை இணையத்தில் தட்டினால் அவர் விளையாடிய கிளப்புகள் எல்லாம் வந்து விழும். பெலாரூஸில் தொடங்கி, கஜகஸ்தான், சைப்ரஸ், வியட்நாம், மலேசியா, மாலைதீவு என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நாங்கள் இருக்கும் ஆக்லாந்துக்கு ஒரே ஒரு வரி. அதில் எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்று இருக்கிறதே தவிர, எங்கள் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து சோறு சாப்பிட்டார் என்று இல்லை. இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எழுது. பேரை மட்டும் போடாதை. பாவம் அந்தாள்," என்றாள். ஆகவே பெயர் இல்லை. அப்பா அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அச்சில் போடக்கூடியது அல்ல.

முதன்முதலில் அவரைப் பார்த்தது ஏவன்டேல் ஞாயிறு சந்தையில். தேவாலயப் பூசைக்குப் போகுமுன் மரக்கறி வாங்க அப்பா, அக்கா, நான் மூவரும் போயிருந்தோம். அப்பா தக்காளிப் பெட்டியை மறித்துக்கொண்டு நின்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய்! இங்க குடு லா! குடு, குடு!"

திரும்பினால் ஆறடிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர். மொட்டைத் தலை, வெயிலில் சிவந்த மூக்கு, வலது முழங்காலில் ஒரு பட்டி. நாங்கள் தமிழ் கதைப்பது காதில் விழுந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பையை எடுத்துத் தரும்படி தமிழிலேயே கேட்டிருக்கிறார். மன்னாரில் கோயில் சபைத் தலைவராக இருந்த மனிதர் அப்பா. அவரை 'டேய்' என்று கூப்பிட அவருடைய தகப்பனுக்கே தைரியம் இருந்திருக்காது. கையில் இருந்த தக்காளி நசுங்கிப் போயிற்று. நான் பயந்துபோய் நின்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு பல வருஷம் ஆகியிருந்தது.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. மலேசியாவில் ஒரு பருவம் விளையாடியிருக்கிறார். அணியில் பாதிப் பேர் தமிழர். மைதானத்தில் காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இப்படி ஏழெட்டு மொழி அவருக்குத் தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் அதட்டல் மட்டும்தான் தெரியும். குடு, போ, விடு, பின்னால ஆள், உனக்குக் கண் இல்லையா. நலமா இருக்கிறீர்களா என்று கேட்க ஒரு மொழியிலும் தெரியாது. எங்களுடன் ஓட்டை ஆங்கிலத்தில் சமாளித்தார்.

"குடு இல்லை. குடுங்கோ," என்று அக்கா திருத்தினாள்.

"குடுங்கோ," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அவர் உதைபந்தாட்டக்காரர், அதுவும் முன்வரிசையில் கோல் அடிக்கிறவர் என்று தெரிந்த கணமே அப்பாவின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "இதை முதலே சொல்லுறதில்லையோ?" என்று அவரைக் காரில் ஏற்றி பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று பூசைக்கும் பிந்தித்தான் போனோம்.

அக்காவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் நேர்ஸ். அவளுக்கு ஒரு காலத்தில் டொரோண்டோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், எங்களோடு இருந்து சாப்பிட்டு, மோதிரம் மாற்றி, தாய் தகப்பனை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. சாகவில்லை, சண்டை பிடிக்கவில்லை, வேறு கலியாணம் செய்ததாகவும் அப்போது தகவல் இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா ஒரு கிழமை அழுது முடித்திருப்பாள். சொல்லாததால் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். வந்த சம்பந்தங்களை எல்லாம் 'பொறுங்கோ' என்று தள்ளினாள். அம்மா அந்தக் கவலையோடேயே கண்ணை மூடினார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அப்படிப்பட்ட அக்காவுக்குத்தான், ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்த இந்த ஆளைப் பிடித்தது.

வந்த முதல் நாளே, சோற்றுக் கோப்பைக்கு முன்னால், அப்பா கேட்டார். "நீர் எந்த கிளப்?"

அவர் விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது, பிறகும் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒன்றை மறந்து, திரும்பப் பின்னால் போய் அதைச் செருகினார். ஒவ்வொரு விரலுக்கும் அப்பாவின் முகம் ஒரு சுற்று இறங்கியது. எங்கள் ஊரில் ஒருவன் எந்தக் கோயில் பங்கில் ஞானஸ்நானம் பெற்றானோ அந்தப் பங்கின் அணிக்குத்தான் சாகும்வரை பந்தடிப்பான். அடுத்த ஊருக்கு விளையாடப் போனவன் வீட்டுக் கலியாணத்துக்கு ஆட்கள் போகமாட்டார்கள். அப்பாவுக்கு அவர் வெள்ளைக்காரர் என்பதோ, வேறு சபைக் கிறிஸ்தவர் என்பதோ குறையாகப் படவில்லை. கிளப் மாறியதுதான் குறை.

"கோல் அடிக்கிறான், சரி," என்று அவர் போன பிறகு அப்பா சொன்னார். "ஆருக்கு அடிக்கிறான் எண்டுதான் கேள்வி."

அவருடைய ஆட்டத்தை நாங்கள் போய்ப் பார்த்தோம். கோல் அடித்தால் ஆட்டக்காரர்கள் ஓடுவார்கள், விழுவார்கள், சட்டையைக் கழற்றுவார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து வருவார். ஏதோ பிழை செய்தவர் போல இருக்கும். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடக் கூடாது என்று அந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டாம். ஆனால் இந்த ஊரில் உங்களுக்குப் பழைய கிளப் இல்லையே என்று அக்கா கேட்டாள்.

"இன்றைக்கு எதிராளி, அடுத்த வருஷம் இவர்கள்தான் எனக்குச் சாப்பாடு போடுவார்களோ, யாருக்குத் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பகிடிக்குச் சொல்லவில்லை.

ஏவன்டேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கிளப் எடுத்துக் கொடுத்த ஒரு சின்ன யுனிட் வீட்டில் இருந்தார். உள்ளே ஒரு மெத்தை, ஒரு தாச்சிச் சட்டி, ஒரு கரண்டி. ஜன்னலுக்குத் திரை இல்லை. ரயிலில் போகிற சனமெல்லாம் அவர் பல் விளக்குவதைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஒரு நாட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய மறு கிழமை கிளப் அவரை விடுவித்துவிட்டதாம். இன்னொரு நாட்டில் பூஞ்சாடி வாங்கினாராம், முழங்கால் போயிற்றாம். அதற்குப் பிறகு பையில் அடங்காத எதையும் வாங்குவதில்லை. அக்கா பாவம் பார்த்து நீல நிறத் திரை ஒன்று தைத்துக் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கி, அழகாக மடித்துச் சுவர் அலுமாரியில் வைத்தார். தொங்கவிடவே இல்லை.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஊர்க்காரர் பூங்காவில் பந்தடிப்பார்கள். அதில் அவரும் சேர்ந்துகொண்டார். அக்கா சொல்லிக் கொடுத்ததை மறக்காமல், "குடுங்கோ! தயவுசெய்து குடுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடுவார். அவர் மரியாதையாகக் கேட்டு முடிப்பதற்குள் பந்து எதிராளியிடம் போய்விடும். அக்கா கோட்டோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், உடனே பயமாகவும் இருக்கும்.

பயத்துக்குக் காரணம் அவரே சொன்ன ஒரு கதை. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு, ஊர் ஊராக எப்படிப் புறப்பட்டுப் போவார் என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மற்றவர்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். ஒரு தீவில் டிவியை ஓடவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பினாராம். ஆள் உள்ளே இருக்கிறார் என்று அயலவர்கள் இரண்டு நாள் நினைத்தார்களாம். யாரிடமும் சொல்லிக்கொண்டு போனதே இல்லை. சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டும், அது தன்னால் ஏலாது என்றார். பிறகு சைப்ரஸில் தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் ஒரு பருவம் முழுவதும் அவருக்குச் சமைத்துப் போட்டாராம். அவர் போனது தெரியாமல், கொஞ்ச நாளாக மேசையில் அவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டாராம். இதையும் பகிடியாகத்தான் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. "பிறகாவது அந்த மனுசிக்கு எடுத்துக் கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள். தமிழில் கேட்டுவிட்டு, திரும்ப ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை."

அக்கா எழுந்துபோய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினாள். நான் அவருடைய காலை மேசைக்குக் கீழே உதைக்கலாமா என்று யோசித்தேன். சுகமில்லாத முழங்கால் எந்தப் பக்கம் என்று அந்த நேரம் நினைவு வரவில்லை, விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இடைவேளைச் சம்பவம். நகரின் மறுகோடியில் உள்ள பக்குரங்காவிலிருந்து ஓர் அணி விளையாட வந்தது. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பையன்கள், ஐடி வேலைக்காரர்கள். முதற்பாதி முடிவில் அவர்களில் ஒருவனுக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது. மாற்றாள் இல்லை. எங்கள் வெள்ளைக்காரர் அதைப் பார்த்தார், எங்கள் பச்சை ஜேர்சியைக் கழற்றி ஒழுங்காக மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார், அந்தப் பையனின் சிவப்பு ஜேர்சியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"சார், நீங்க எங்க பக்கமா? சூப்பர் சார்!" என்று அவர்களுடைய கப்டன் துள்ளினான்.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு எதிராகவே ஒரு கோல் அடித்தார். வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே அப்பாவிடம் வந்து, பழைய கிளப்பின் மனேஜருக்குக் கொடுப்பதுபோலக் கையை நீட்டினார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இடைவேளையில மாறுறான் பிள்ளை! இடைவேளையில!" வீடு வரும்வரை அதையே சொன்னார்.

"அங்கால ஒராள் குறைவெல்லோ அப்பா," என்றாள் அக்கா.

"குறைஞ்சால் குறையட்டும். அதுக்கு இவர் ஏன் போறார்?"

அவரிடம் கேட்டால், பதினொரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர் விளையாடினால் அது ஆட்டமே இல்லை என்றார். அவருக்கு ஜேர்சி வேலைக்குப் போடுகிற சட்டை. அப்பாவுக்கு அது தோல். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒரே மீன்குழம்பைச் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் அப்பா என்னிடம்தான் கேட்பார், அது அவருக்குப் பக்கத்தில் இருந்தாலும்.

குளிர்காலம் முடிந்து பருவமும் முடிந்தது. கிளப் அவரை அடுத்த வருஷத்துக்கு எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். கிளப் இல்லாவிட்டால் விசாவும் இல்லை. அவருடைய தொலைபேசி அடிக்கும், எடுத்துக்கொண்டு வீட்டு வளவுக்குப் போய் ரஷ்ய மொழியில் கதைப்பார், திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோலச் சோற்றில் கை வைப்பார். போகப்போகிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அக்காவுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அவர் இங்கேயே இருப்பார் என்று அவள் ஒரு நாளும் கனவு காணவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் போய்விட்டால் அவள் திரும்பவும் அந்தக் காத்திருப்புக்குள் விழுந்துவிடுவாள். இந்த முறை எழும்ப மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஆகவே ஒரு நாள் அவரை யுனிட்டில் இறக்கிவிடும்போது, காரை நிறுத்தி, கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். பெரிதாகச் சுற்றி வளைக்கவில்லை. டொரோண்டோக்காரரைப் பற்றிச் சொன்னேன். "போறதெண்டால் போங்கோ. ஒருத்தரும் மறிக்கேல்லை. ஆனால் அவளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்பதை எனக்குத் தெரிந்த கடுமையான ஆங்கிலத்தில் சொன்னேன். நான் கூரியர் டிப்போவில் வேலை செய்கிறேன், வழிதவறிய பெட்டிகளைத் தேடிப்பிடிப்பதுதான் என் தொழில், நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் வந்து பிடிப்பேன் என்றும் சொன்னேன்.

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது," என்றார். "நான் சொன்னதே இல்லை."

"பழகுங்கோ," என்றேன். கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் சாப்பிட வரவில்லை. தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அக்கா நான்கு பேருக்கும் கோப்பை வைத்தாள், பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மல்லித்தழை வாங்கி வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஏவன்டேலுக்குக் காரை விட்டேன்.

திரை இல்லாத ஜன்னல். எட்டிப் பார்த்தேன். மெத்தை சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. தரை துப்புரவாகக் கூட்டப்பட்டிருந்தது. பக்கத்து யுனிட்டைத் தட்டிக் கேட்டேன், அங்கே இருந்த தமிழ்நாட்டு மாணவி கதவைத் திறந்தாள்.

"அவரா? ஆமாக்கா, காலைலயே பேக் எடுத்துட்டுப் போயிட்டாரே. சாவிய என்கிட்ட குடுத்துட்டாரு."

"ஏதாவது சொன்னவரோ?"

"இல்லக்கா. எதுவும் பேசல."

திரும்பி வரும் வழியில் அழுதுகொண்டுதான் ஓட்டினேன். பிளாக்ஹவுஸ் பே கடைகளுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அவரைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் மூன்று நாட்டுத் தமிழிலும் முடிந்துபோயின. பிறகு அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாததுபோல எனக்கும் தெரியவில்லை. மல்லித்தழை வாங்க மறந்து வீட்டுக்குப் போனேன்.

குசினிக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார்.

விடியற்காலையே புறப்பட்டு நடந்து வந்திருக்கிறார். எங்கள் தெருமுனை வரை வந்து, பயந்து, கடற்கரைக்கு இறங்கிப்போய் அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி வந்து மறுபடி போயிருக்கிறார். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் அந்தச் சாட்டில் ஓடிவிடுவேன் என்று அதையும் நிறுத்தி வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான சனத்தின் கூச்சலுக்கு நடுவே தண்டனை உதை அடிக்கிற மனிதர். எங்கள் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அப்பா கதிரையில் இருந்தார். வேறு ஒரு நாட்டில் கடைசியாக ஒரு பருவம் கிடைத்திருக்கிறது, இன்று பின்னேரம் விமானம், இதெல்லாம் ஆங்கிலத்தில் முன்னரே சொல்லி முடித்திருந்தார். முக்கியமானதைத் தமிழில் சொல்லவென்று மிச்சம் வைத்திருந்தார் போலிருக்கிறது. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் போறேன்," என்றார்.

அப்பா பதறிப்போனார். எத்தனையோ கிழமையாக அவரோடு கதைக்காதவர், கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார். "தம்பி, அப்படிச் சொல்லக்கூடாது. போறன் எண்டு சொன்னால் ஆள் திரும்பாது. போட்டு வாறன் எண்டு சொல்லோணும். எங்கை, சொல்லும் பாப்பம்."

அவர் அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"விடுங்கோ அப்பா," என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "அவர் சரியாத்தான் சொல்லுறார். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவனைத்தானே நான் இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தனான்."

அப்பா திரும்பக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஒரு கோப்பையை எடுத்துச் சோறு போட்டாள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா எதிரே இருந்து, குழம்பு காணுமோ, மீன் இன்னும் வேணுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அவருடைய கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். அவ்வளவுதான். அப்பா யாரும் கேட்காமலே கார்ச் சாவியை எடுத்தார். அந்தக் கனத்த பையைத் தானே தூக்கிக் காரில் வைத்தார்.

கார் திரும்பி மறைந்த பிறகு அக்கா உள்ளே வந்தாள். இனித்தான் உடைந்து அழப்போகிறாள் என்று நான் பின்னாலேயே திரிந்தேன். அவள் மிச்சச் சோற்றைத் தனக்குப் போட்டுச் சாப்பிட்டாள். சோபாவில் சரிந்தாள். என்னோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தவள், ஒரு வசனத்தின் நடுவிலேயே நித்திரையாகிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கீழே தொங்க, மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் தரையில் இருந்து நான்தான் அழுதேன். கவலையில் இல்லை. நெஞ்சுக்குள் இருந்த பெரிய கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அப்பா விமான நிலையத்திலிருந்து வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"அழுறாளோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. நித்திரை."

அவர் சப்பாத்தை வெளியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் உள்ளே வந்தார்.